ஊற்றில் வந்த ஈயம்

மலை சரிந்த இடத்துக்குக் கீழே ஓடும் நீரை மாதந்தோறும் புட்டிகளில் பிடித்து வந்து, அதில் கரைந்திருக்கும் உலோகங்களை அளப்பது தங்கையின் வேலை. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அவள் இருந்தாள். சரிவு நடந்தது அக்கா குடியிருந்த ஊருக்கு மேலே. அதனால் புட்டிகளோடு போகும்போதெல்லாம் அக்கா வீட்டில்தான் தங்குவாள். வேலைக்கு வேலையும் ஆயிற்று, அக்காவுக்குத் துணையும் ஆயிற்று என்று அம்மா சொல்வாள். துணை வேண்டிய நிலையில்தான் அக்கா இருந்தாள்.

மலை சரிந்த அன்றுதான் அத்தானும் காணாமல் போனார்.

இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அத்தான் லிஃப்ட் மெக்கானிக். மலைமேல் லிஃப்ட் வைத்த கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. அன்று காலை அவருக்கும் அக்காவுக்கும் வாய்ச்சண்டை. எதற்கென்று அக்கா யாரிடமும் சொன்னதில்லை. கருவிப் பெட்டியை வேனுக்குள் எறிந்துவிட்டுக் கிளம்பியவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று பார்த்தவர் இல்லை. நாள் முழுக்கக் கொட்டிய மழையில், பொழுது சாயும் நேரத்தில், மலைச்சாலையின் ஒரு பெரிய துண்டு மரங்களோடு கீழே இறங்கியது. அதில் சிக்கியதாகத் தேடப்பட்டவர்கள் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். அத்தானை அங்கே யாரும் தேடவே இல்லை. போதாக்குறைக்கு, ரயிலடியில் ஒரு பெண்ணோடு அவரைப் பார்த்ததாக மருந்துக்கடைக்காரர் எடுத்துவிட்ட கதை கண், காது, மூக்கு எல்லாம் முளைத்து ஊரைச் சுற்றி வந்தது.

அக்காவும் அதை நம்பினாள். நம்பியது அவளுக்கு ஒரு வகையில் வசதியாகக்கூட இருந்தது. அழ வேண்டியதில்லை, திட்டினால் போதும்.

அக்கா பல் செட் செய்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் ஒரு மேசை, காலால் மிதித்து ஓட்டும் சின்ன அரவை இயந்திரம், சுவர் நெடுக அலமாரியில் வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, அக்கா மெழுகில் பல் அடுக்கி, ஈறுக்கு நிறம் பார்த்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பாள். "இந்த ஊர்ல பாதிப் பேரு சிரிக்கிற சிரிப்பு என்னோடது" என்பாள். அவள் மட்டும் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

தங்கையை உறுத்தியது வேறொன்று. வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரத்தில் அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். சிறிது நேரம் அப்படியே இருப்பாள். பிறகு மறுபடியும் வேலை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. வண்டி வந்த மாதிரி இருந்துச்சு."

அத்தானுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாசலில் வேனை நிறுத்தினால், சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு தடவை நன்றாக உறுமவிட்டுத்தான் அணைப்பார். நான் வந்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி.

"தினமும் கேக்குதா?"

"மழை பெய்ஞ்சா கேக்கறதில்ல." அக்கா ஒரு பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஓடிப்போன மனுஷன் வண்டியை மட்டும் தினம் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறான் போல."

ஒரு நாள் தங்கைக்கும் அது கேட்டது. தரையில் உட்கார்ந்து புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வெளியே ஒரு உறுமல் எழுந்து அடங்கியது. நிமிர்ந்தபோது அக்கா ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் போய்க் கதவைத் திறந்தார்கள். தெரு காலியாக இருந்தது. எதிர்வீட்டுக் கொடியில் ஒரு போர்வை காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து அக்கா டீ போட்டாள்.

தங்கை அளந்துகொண்டிருந்த உலோகங்களில் ஈயமும் ஒன்று. ஒரே உலோகத்திலேயே எடை கொஞ்சம் கூடின அணுக்களும் குறைந்த அணுக்களும் கலந்திருக்கும். அவற்றைத்தான் ஐசோடோப்பு என்கிறார்கள். எது எவ்வளவு என்கிற விகிதம், ஈயம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மலைப்பாறை மிகப் பழையது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகளில் யுரேனியமும் தோரியமும் இருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அவை மெல்லச் சிதைந்து ஈயமாக மாறிக்கொண்டிருந்தன. பாறை புதிதாக உடைந்து மழையும் காற்றும் படும்போது முதலில் கரைந்து வெளியே வருவது இந்த மணிகள்தான். அதனால் மலை சரிந்ததும் கீழே வரும் நீரில் பாறைக்குள்ளேயே பிறந்த ஈயம் அதிகரிக்க வேண்டும். உடைந்த முகங்கள் நாள்பட மக்கி மண்ணாக ஆக, அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். இது நிஜமாகவே அப்படி நடக்கிறதா என்று பார்க்கத்தான் தங்கை மாதந்தோறும் போனாள்.

நடந்தது. சரிவுக்குக் கீழிருந்த ஓடைகளின் எண்கள் எல்லாம் அதே பக்கம்தான் சாய்ந்தன. ஒரே ஒரு ஊற்றைத் தவிர.

சரிந்து குவிந்த கல்லும் மண்ணும் முடிகிற இடத்தில், இடது ஓரமாக, விரல் பருமனுக்குக் கசிந்துகொண்டிருந்த ஊற்று அது. அதன் நீரில் ஈயம் மற்றதைவிடப் பல மடங்கு இருந்தது. விகிதமோ நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தது. அந்த மலையில் பிறந்த ஈயமே இல்லை அது. வேறெங்கோ சுரங்கத்தில் வெட்டி, உருக்கி, மனிதர் கைபட்டு வந்த ஈயம்.

ஈயம் அளக்கிறவர்களுக்கு ஈயம்தான் பேய். தெருப்புழுதியில் இருக்கும், பழைய பெயிண்டில் இருக்கும், சட்டைப்பையில் கிடக்கும் சாவியில் இருக்கும், தலைமுடியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அதனால் ஆய்வகத்தில் ஈயம் அளக்கும் அறைக்குள் போகும்போது செருப்பை மாற்றி, தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டி, ஒட்டும் பாயில் மிதித்துத்தான் போவார்கள். புட்டிகள் அமிலத்தில் ஊறிச் சுத்தமானவை. ஒவ்வொரு தடவையும் மாதிரிகளோடு கூட வெறும் நீரையும் அளப்பார்கள். அதில் ஈயம் வந்தால் தப்பு தங்கள் கையில்தான் என்று அர்த்தம்.

வெறும் நீரில் ஒன்றும் வரவில்லை. தங்கை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். அடுத்த மாதம் புதுப் புட்டியில், புதுக் கையுறையோடு மறுபடி பிடித்து வந்தாள். அதே எண் திரும்ப வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது, முன்னைவிட அழுத்தமாக. யாரோ கதவைத் தட்டிவிட்டு, திறக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுவதுபோல அவளுக்குத் தோன்றியது. அளவை இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும்போது முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

ஆய்வகத் தலைவருக்கு அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயர் கையுறை. சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று கேலி செய்வார்கள். அவர் எண்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க வண்டியை எங்க நிறுத்தறீங்க?"

"கீழ ரோட்டுல சார். அங்கேர்ந்து நடந்துதான் போறேன்."

"முன்னெல்லாம் பெட்ரோல்ல ஈயம் கலப்பாங்க. அந்தப் பழைய புகை மண்ணுல தங்கியிருக்கும். அது கரைஞ்சு வரலாம்."

"அப்படின்னா பக்கத்து ஓடையிலயும் வரணுமே. அதுல இல்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆன்டிமனி பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். அதுவும் அந்த ஊற்றில் மட்டும் எக்கச்சக்கமாக இருந்தது. பேட்டரியின் ஈயத் தகடுகள் வளையாமல் இருக்கச் சேர்ப்பது அது. தெரிந்தேதான் அதை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது சொன்னாள்.

கையுறை நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப சரிவுக்கு அடியில பேட்டரி ஒண்ணு நசுங்கிக் கிடக்கு. யாராவது குப்பையா தூக்கிப் போட்டிருக்கலாம். இல்லேன்னா ஒரு வண்டியே உள்ள இருக்கலாம்." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், உடம்பு சரியில்லையா?"

அவருக்கு அத்தானைப் பற்றித் தெரியாது.

அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தங்கை சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி அடுக்கிக் கலைத்தாள். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் நினைத்தாள். அக்கா கோபத்தில் நன்றாகத்தானே நடமாடிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அக்கா கதவைத் திறந்து, "என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டதும் அடுக்கி வைத்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளியே வந்துவிட்டது.

அக்கா கடைசிவரை கேட்டாள். கையில் ஒரு மேல்தாடை இருந்தது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வண்டி ஒண்ணு உள்ள கிடக்குங்கற."

"இருக்கலாம்னுதான் சொல்றேன். அது யாரோடதுன்னு ஈயம் சொல்லாதுக்கா. ஏதோ ஒரு பேட்டரி, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"அவர் ஏன் அந்தப் பக்கம் போகணும்?" என்று அக்கா தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "கோவம் வந்தா மேல போய் வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருப்பார். கல்யாணமான புதுசுல ஒரு தடவை அப்படிச் செஞ்சார். நான்தான் மறந்துட்டேன்."

அத்தனை நாள் அந்த மனுஷன், ஓடுகாலி, அவன் என்று வந்தது அன்று அவராகிவிட்டதைத் தங்கை கவனித்தாள்.

"அப்ப நான் இத்தனை நாள் திட்டினதெல்லாம் எங்க போச்சு?" என்றாள் அக்கா.

மறுநாள் தங்கை எழுந்து வந்தபோது கொல்லைப்புறத்தில் அத்தானின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. கோணியில் கட்டி, பழைய பேப்பர்காரருக்கென்று போட்டு வைத்திருந்தவை. அக்கா ஒவ்வொன்றாக எடுத்து இஸ்திரி போட்டாள். காலர் மடிப்பில் இஸ்திரிப் பெட்டி நிற்கும்போது அவள் உதடு மட்டும் அசைந்தது.

சாலைத் துறை இன்ஜினியரைப் பார்க்க இருவருமாகப் போனார்கள். அவர் தங்கை சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணியில ஈயம் வருது, மலையைத் தோண்டுங்கன்னு சொல்றீங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து இரும்பு வருது, உள்ள ரயில் இருக்குன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

தங்கை ஆன்டிமனியைப் பற்றி ஆரம்பித்தாள். அக்கா அவள் கையை அழுத்தி நிறுத்தினாள்.

"என் வீட்டுக்காரர் சார்," என்றாள். "ஓடிப்போயிட்டார்னு ஊரே சொல்லுது. உள்ள இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லிடுங்க."

இன்ஜினியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, எப்படியும் அந்த ஓரத்தில் நீர் வடிய ஒரு கால்வாய் வெட்டியாக வேண்டும், அதை அங்கிருந்தே தொடங்கினால் தன்னை யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை என்றார்.

மண்ணள்ளும் இயந்திரம் வந்தது. ஊற்றுக் கண்ணிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே உடைந்திருந்த கல் இன்னும் புதுசாகவே இருந்தது. வெயிலில் பளபளத்த அந்த முகங்களைப் பார்க்கத் தங்கைக்குக் கூசியது. வெளியே கிடந்தவை பழுப்பேறி, தொட்டால் மாவு உதிரும் பதத்துக்கு வந்திருக்க, உள்ளே மட்டும் காலம் அப்படியே நின்றிருந்தது. அக்கா சற்றுத் தள்ளி நின்றாள். அவள் பையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருந்தது.

இயந்திரத்தின் வாளி எதிலோ உரசி ஒரு சத்தம் வந்தது. ஓட்டுநர் உடனே நிறுத்தினார். அதன்பின் மண்வெட்டியால்தான் தோண்டினார்கள். வேன் ஒன்றின் கூரை தெரிந்தது. கைக்குட்டை மாதிரி மடங்கியிருந்தது. சேறு அப்பி நிறம் தெரியவில்லை. முன்பக்கம் நசுங்கி, பேட்டரி இருந்த இடத்திலிருந்து கரிய சாறு கல்லிடுக்கில் இறங்கியிருந்தது. அதே வழியாக நீர் கசிந்து ஊற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கை அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் எண் அங்கே கிடந்தது.

உள்ளே ஒருவர் இருந்தார்.

போலீஸ்காரர் அக்காவைத் தடுத்தார். "வேண்டாம்மா. பாக்கற மாதிரி இல்ல. ஆஸ்பத்திரியில சோதனை பண்ணிச் சொல்லுவாங்க."

"முகத்தைக் காட்ட வேண்டாம் சார். வாயை மட்டும் காட்டுங்க. எனக்கு அதுதான் தொழில்."

எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. தங்கை எடுத்துச் சொன்ன பிறகு ஒதுங்கினார். அத்தானின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு அக்காவே உறை செய்திருந்தாள். அதன் ஓரம் எப்படி வளையும் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வாள். அவள் குனிந்தாள். தங்கை அவள் முதுகைத்தான் பார்த்தாள். அந்த முதுகு முதலில் இறுகியது. பிறகு மெல்லத் தளர்ந்தது.

"இது அவரில்ல."

அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"சின்னப் பையன். எல்லாம் சொந்தப் பல்லு. கடைசிக் கடைவாய்ப் பல்லுகூட இன்னும் முழுசா வரல." அக்காவின் குரல் பட்டறையில் டாக்டரிடம் பேசுகிற குரலாக இருந்தது. "முன்பல்லு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. இவன் வீட்டுல இவனைத் தேடறாங்களா, பாருங்க."

வேனின் பின்பக்கத்தைத் திறந்தபோது சேற்றோடு கண்ணாடித் துண்டுகள் சரிந்து விழுந்தன. ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி. வெட்டுமுனையெல்லாம் பச்சையாகத் தெரிந்தது.

அக்கா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். "இப்ப நான் அழணுமா, நிம்மதியா இருக்கணுமா? நீ படிச்சவதானே, சொல்லு." தங்கை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். யாருடையதென்று ஈயம் சொல்லாது என்று அக்காவிடம் சொன்னதைத் தானே நம்பவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளும் அத்தானைத்தான் தோண்டியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்து போய், பையிலிருந்த சட்டையைப் பிரித்து அந்தப் பையனின் முகத்தை மூடினாள்.

பையனின் அப்பா அடுத்த ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அக்காவைப் பார்க்க வந்தார். தங்கையும் அன்று அங்கே இருந்தாள். சுவர் நெடுக இருந்த தாடைகளுக்கு நடுவில், நாற்காலி நுனியில், விருந்துக்கு வந்தவர்போலக் கூச்சத்தோடு உட்கார்ந்தார். அவர் கைகள் முழுக்க ஆறிய கீறல்கள்.

"கடையில உக்கார மாட்டேன், எங்கயாவது போறேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான்," என்றார். "வேனையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு நினைச்சோம். போட்டோவைக் கழட்டி வச்சுட்டேன். திட்டாத திட்டு இல்லம்மா. கடைசியில பாத்தா, மேல ஒரு வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டப் போயிருக்கான். என் வேலையாத்தான் போயிருக்கான்."

"நானும் திட்டினேன்," என்றாள் அக்கா.

"உங்க வீட்டுக்காரர்?"

"இன்னும் இல்ல."

அவர் தலையசைத்தார். "நீங்கதான் பல்லைப் பாத்தீங்களாமே. நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்பது அக்காவுக்குப் புரிந்தது.

"முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்துச்சு. சொத்தையே இல்ல. நல்லா வச்சிருந்தான்."

"அவங்க அம்மாவுக்கும் அப்படித்தான்," என்றார் அவர். "சிரிச்சா கையால மூடிக்குவா. அவனும் மூடிக்குவான்." சொல்லும்போதே அவர் கை வாய்க்குப் போயிற்று. வெகுநேரம் அதை அவர் எடுக்கவில்லை.

வேனை எடுத்த பிறகு அந்த ஊற்றின் ஈயம் மாதாமாதம் குறைந்தது. கடைசியில் மலைக்குள் பிறந்தது மட்டும் வரத் தொடங்கியது. கையுறைக்கு ஏகத் திருப்தி. ஒதுங்கி நின்ற புள்ளியும் மற்றவற்றின் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது. இனிக் கட்டுரை எழுதலாம் என்றார். தங்கை எழுதினாள். பாறை உடைவதும் மக்குவதும் ஈயத்தில் எப்படித் தெரிகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினாள். ஆனால் அதன்பின் எந்த ஓடையின் எண்ணும் அவளுக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை. கொஞ்சம் விலகி நின்றாலும் போதும், இங்கே யார் என்று மனசு கேட்டது. அக்காவிடம் அந்த உறுமல் இன்னும் கேட்கிறதா என்று அவள் விசாரிக்கவில்லை. கேட்டால் தனக்கும் கேட்டுவிடும் என்று பயந்தாள்.

ஒரு காலை, தங்கை கிளம்புகிற நேரத்தில் அக்கா பட்டறையைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அன்னிக்குப் பெய்ஞ்ச மழையில வேற எங்கெல்லாம் சரிஞ்சுது?"

சரிந்திருந்தது. ஆள் நடமாட்டமில்லாத மடிப்புகளில், பழைய காட்டுப்பாதை ஓரங்களில், யாரும் போய்ப் பார்க்காத சின்னச் சின்னச் சரிவுகள். தங்கை சொன்னாள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முதல் ஓடையில் தங்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். கையுறை, பிறகு அதன்மேல் இன்னொரு கையுறை. புட்டியின் வாய் கையில் படக்கூடாது. நீரோட்டத்துக்கு எதிராகக் காட்ட வேண்டும். பல்லுக்கு மெருகேற்றிப் பழகிய கை, துளிகூட நடுங்கவில்லை. நிரம்பியதும் அக்கா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நீர் தெளிவாக, ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது.

"இதுல யாராவது இருக்காங்களா?"

"பாத்தாத்தான் தெரியும்."

அக்கா மூடியைத் திருகி இறுக்கினாள்.

"அவரா இல்லாட்டியும் சொல்லு," என்றாள்.